சாப்பிட மறுத்த விலாங்கு

பிள்ளைகளே, திரியாவின் வீட்டுக்குப் பின்னால் ஓடை வளைகிற இடத்தில் ஒரு குட்டை தேங்கியிருக்கும். அதில் ஒரு விலாங்கு இருந்தது. என் தோள் உயரத்துக்கு நீளம், என் கணுக்கால் பருமன். திரியா கரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினால், வேருக்கு அடியிலிருந்து கறுப்பாக வெளியே வரும். ஆட்டு ஈரலை அவள் விரலிலிருந்தே வாங்கிக்கொள்ளும். அவசரமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியான நான் தள்ளி நின்றுதான் பார்ப்பேன். எனக்கு அதன் பல்லைக் கண்டால் பயம்.

அவள் புருஷன் இறந்த வருஷம் தொடங்கிய சிநேகம் அது. இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. குயி என்று கூப்பிடுவாள். எங்கள் பேச்சில் கிழவி.

திரியாவின் தம்பி ஹேமிக்கு ஓடை கடலில் சேருகிற இடத்தில் வீடு. இலையுதிர்கால மழை தொடங்கியதும் அங்கே விலாங்கு பிடிக்கிற கூடு வைப்பான். அவன் புகைபோட்ட விலாங்குக்காகவே ஊர் கூடுகிற எங்கள் மராய்க் கூடத்துக்கு விருந்துண்ண வருகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் விருந்தாளிக்குச் சோறு போட்டால் ஊருக்கே தலைகுனிவு. மழை வெள்ளத்தில் குயி அடித்துக்கொண்டு போய் அந்தக் கூட்டில் விழுந்துவிடுமோ என்று பயந்து, திரியா ஒவ்வொரு வருஷமும் குட்டையின் வாயில் கோழிவேலிக் கம்பிவலையை இழுத்துக் கட்டுவாள். தினமும் காலையில் அதில் அடைத்த சருகை வாரிப் போடுவாள். தம்பியைக் குட்டைப் பக்கமே விடமாட்டாள்.

அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில், எங்கள் பக்கத்து இலையுதிர்காலம் பிறக்கையில், குயி சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ஈரல் வேண்டாம், மாட்டு இதயம் வேண்டாம், முட்டைக் கரு வேண்டாம். கறி தீர்ந்துபோன இரண்டு வாரம் திரியா டப்பாவில் வருகிற பூனைத் தீனியைப் போட்டிருந்தாள். அதுதான் விஷமாகிவிட்டது, நானே கொன்றுவிட்டேன் என்று அவளுக்கு ஓயாத பிதற்றல். டவுன் மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். எத்தனை கால் என்று அவர் கேட்டாராம். போனை வைத்துவிட்டாள்.

பிறகு மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை என் வீட்டுக்கு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குயி கம்பிவலையில் மூக்கை முட்டிக்கொண்டு கிடந்தது. தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பின்னுக்குப் போகும், திரும்ப வந்து முட்டும். திரியா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஹேமியைக் கூப்பிட்டாள். விலாங்கைப் பற்றித் தெரிந்தவன் எங்கள் பக்கத்தில் அவன் ஒருவன்தான்.

மழைக்கோட்டோடு வந்து இறங்கினான். "இருபது வருஷமா இந்தப் பக்கம் காலு வைக்காதேன்ன. இப்ப என்னக்கா, புகைபோட்டுத் தரணுமா?"

திரியாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. மண்டியிட்டு, தண்ணீருக்குள் கைவிட்டு, குயியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். தலை மெலிந்து கூராகியிருந்தது. கண் முன்பைவிடப் பெரிசாக, சுற்றிலும் நீல வளையத்தோடு இருந்தது.

"இதுக்கு ஒரு நோயும் இல்லக்கா. கிளம்பிடுச்சு."

"எங்க?"

"கடலுக்கு, முட்டை போட. டோங்கா தீவுப் பக்கம் ஆழத்துலன்னு சொல்றாங்க. ஆயுசுக்கு ஒரு தடவைதான் போகும். கிளம்புறப்ப தீனிய விட்டுடும். என் கூட்டுல விழறதுல பாதிக்கு மேல வெறும் வயிறு. அறுத்துப் பாக்கிறவன் நான்தானே."

அவள் கம்பிவலையைப் பார்த்தாள். "நான்தான் கட்டினேன்" என்றாள். "வருஷா வருஷம்."

"எங்கிட்டேருந்து காப்பாத்தத்தானே கட்டினே" என்றான் அவன், மெதுவாக.

திரியா கொட்டகைக்குப் போய்க் குறடு எடுத்து வந்தாள். வலையில் வைத்த கை அப்படியே நின்றது. கீழே அவன் கூடு இருக்கிறதே.

சனிக்கிழமை மராயில் எண்பது பேர் விருந்து. ஹேமி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். மழை விட்டால் விலாங்கு நடமாட்டமும் நின்றுபோகும்.

"கூட்ட எடுத்துடு ஹேமி. அவ போற வரைக்கும்."

"எப்பப் போய்ச் சேரும்னு யாரு கண்டா? ஒரு நாளும் ஆகும், அஞ்சு நாளும் ஆகும்."

"அப்ப அஞ்சு நாள்."

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். வண்டிச் சத்தம் கீழே இறங்கி அடங்கிற்று. பிள்ளைகளே, அந்த ஒரு மணி நேரம் திரியா குறட்டைக் கீழே வைக்கவுமில்லை, கம்பியை வெட்டவுமில்லை. குயி முட்டிக்கொண்டே இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திரும்பவும் வண்டி வந்தது. ஹேமி பின்னாலிருந்து கூட்டைத் தூக்கி, சொட்டச் சொட்டப் புல்லில் போட்டான்.

"ரெண்டு விழுந்திருந்துச்சு. ரெண்டுக்கும் இதே கண்ணு. விட்டுட்டேன்."

"விருந்துக்கு?"

"சிப்பி பொறுக்கணும். நீயும் வா, உன் முதுகும் கொஞ்சம் ஒடியட்டும்."

திரியா கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினாள். இடைவெளி கிடைத்ததும் குயி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அவள் உள்ளங்கையைத் தண்ணீருக்குள் நீட்டியிருந்தாள். அந்தக் கைமேல் தலை ஏறியது, உடம்பு ஏறியது, வழவழவென்று நழுவிக்கொண்டே இருந்தது, வால் தீர்ந்தது. அதன்பிறகு கலங்கல் தண்ணீர்தான். அவள் அழவில்லை. கரையோரமாக, வளைவு வரைக்கும், அறுபது வயதுக்காரி ஓடினாள்.

சனிக்கிழமை விருந்தில் பெரிய பெரிய தட்டுகளில் சிப்பிதான். விலாங்கு எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டோங்காவுக்குப் போயிருக்கு என்று ஹேமி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மழை இன்னும் பெய்கிறதா என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.