தாங்கும்

…நட்டை முதலில் மாட்டணும், நட்டை முதலில் மாட்டணும் என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டேதான் பிரேக் ஹோஸை வெட்டினேன், நுனியில் சிலும்பிய கம்பிப் பின்னலை விரித்து, விரலில் நாலு இடத்தில் குத்து வாங்கி, உள்குழாய்மேல் அந்தச் சுண்டைக்காய்ப் பித்தளை வளையத்தை ஏற்றி, ஆகா என்ன கச்சிதம் என்று என்னையே மெச்சிக்கொண்டு நிமிர்ந்தால், நட்டு மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, மறு முனையையோ முன்பே முறுக்கி மூடியாயிற்று, இனி எந்த வழியாக உள்ளே விடுவது, என் தலை வழியாகவா? முன்பக்க இடது சக்கரத்துக்கு மட்டும் இது இரண்டாவது முறை. "மச்சான், பிரேக் பண்றீங்களா, கொலுசு பண்றீங்களா?" என்கிறான் மனைவியின் தம்பி, பெடலை மிதித்து பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வந்தவன், வந்ததிலிருந்து மிதிப்பது என்னைத்தான்… வெட்டு, மறுபடி வெட்டு. நாளைக் காலை மலைப்பாதையில் கார்ப் பந்தயம், பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு, ஓட்டப்போவது அவன் அக்கா, நான் வெறும் ஸ்பானர்.

ரெடிமேடாகவே வாங்கியிருக்கலாம், ஆனால் கடைக்காரன் "தாங்கும் சார்" என்றானே, அந்த ஒரு சொல்லில்தான் எழுந்து வந்துவிட்டேன், கயிற்றுக்கடையில் வளர்ந்தவனிடமா இந்த வித்தை? நல்ல கயிறென்றால் அப்பா வாயே திறக்க மாட்டார், நுனியைக் கையில் கொடுத்து "இழுத்துப் பாருங்க" என்பார், அவ்வளவுதான். அவருக்கே சந்தேகமான சரக்குக்குத்தான் "தாங்கும்ணே, யானையையே தாங்கும்". பெண் பார்க்கப் போன அன்றே இந்தத் தொழில் ரகசியத்தை அவளிடம் சொல்லிச் சிரிக்க வைத்தேன், அதில்தான் சம்பந்தமே முடிந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன், அவள் மறுப்பாள்… மூன்றாவது முறை நட்டு முதலில் போயிற்று, அப்பாடா, ஆனால் இவன் ஏதோ சொல்லிச் சிரிக்க, நான் திரும்பிக் கத்த, எத்தனை சுற்று முறுக்கினேன்? முறுக்கியிருப்பேன். நாலு சக்கரத்திலும் காற்றெடுத்தாயிற்று, பெடல் கல் மாதிரி நிற்கிறது, கசிகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முனையிலும் சுற்றிய காகிதத்தில் சொட்டு ஈரமில்லை, இதற்குமேல் என்னதான் வேண்டும் எனக்கு?

ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மனைவி வந்தாள். "ஆச்சா? தாங்குமா?"

"தாங்கும்," என்றேன்.

சொன்னது என் வாய்தான், குரல் அப்பாவுடையது, வாடிக்கையாளர் கண்ணைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டே சொல்கிற அதே குரல். ஏன், உட்கார்ந்து மிதித்துப் பார் என்று சொல்ல எனக்கு நாக்கில்லையா? தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் கையால் அடக்கினாள். ஹெல்மெட்டை பானெட்மேல் வைத்தாள்.

"எந்த வீல்?"

இல்லை, எல்லாமே சரியாத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் என் கை எப்போது போனதோ தெரியவில்லை, இடது முன்சக்கரத்தின்மேல் இருந்தது.