நோயாளி இல்லாத வீடு

தைத்து முடித்த போர்வையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சை ஆழமாக இழுத்தாள். முதலில் நடுப்பகுதி, பிறகு ஓரங்கள், பிறகு திருப்பிப் போட்டு உள்துணி. பஞ்சு வாசனை வந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனை வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"என்ன, போர்வைக்கு முத்தம் குடுக்கறே?" என்றார் கட்டிலில் கிடந்த கணவர். "எனக்குக் குடுத்தே ரொம்ப நாளாச்சு."

"சும்மா கிடங்க."

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. காலையில் வந்த செய்தி போனில் அப்படியே இருந்தது. 'போர்வையில மருந்து நாத்தம் குப்புன்னு அடிக்குது. கைக்குழந்தைக்கு வாங்கினது. ஆஸ்பத்திரியில வச்சுத் தைச்சீங்களா?' அதன் கீழே ஒற்றை நட்சத்திரம். அதற்கும் கீழே, விற்பனைத் தளத்துக்காரர்கள் அனுப்பிய அறிவிப்பு. இது சுகாதாரம் பற்றிய புகார். வாங்கியவர் திருப்தி என்று சொல்லும்வரை புது ஆர்டர் எதுவும் வராது. சொல்லாமல் போனால் கடையை எடுத்துவிடுவார்கள்.

கடை என்று அவர்கள் சொன்னது இந்த அறையைத்தான். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரோரம் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி, மூலையில் அடுப்பு, மீதி இடத்தை அடைத்துக்கொண்டு கட்டில். கட்டிலில் வெல்டர். தெருவில் எல்லோருக்கும் அவர் வெல்டர்தான். வேலை செய்த கட்டடத்தில் இரும்பு உத்திரம் சரிந்து அவர் காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிய பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. காண்ட்ராக்டர் ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். அப்புறம் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். எலும்பு ஒருவழியாகக் கூடிவிட்டது, புண்தான் ஆறுவேனா என்றது. தினமும் கழுவி, மருந்து தடவி, கட்டு மாற்ற வேண்டும். ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றாலும் ஆள் பிடிக்க வேண்டும். அதனால்தான் அவள் துணி கம்பெனி வேலையை விட்டாள். வீட்டோடு இருந்து செய்யக்கூடிய வேலை என்று தேடியபோது கிடைத்தது இந்தப் போர்வை. கம்பெனியில் கழித்துப்போடும் துண்டுத் துணிகளைப் பூப்பூவாக ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்து, மேலே கையால் தையல் ஓட்டுவாள். அது நன்றாகவே விற்றது. அவர் காலுக்கு மருந்தும், இரண்டு வயிற்றுக்குச் சோறும் அதிலிருந்துதான்.

அவள் போர்வையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கீழ்வீட்டு மீன்காரம்மா கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை மோந்து பாத்துச் சொல்லுங்க. மருந்து வாடை அடிக்குதா?"

"என் மூக்கை நம்பியா கேக்கறே?" மீன்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கு ரோஜாவும் ஒண்ணுதான், மீன் செதிலும் ஒண்ணுதான். மூக்கு இருக்கற ஆளாப் பாத்துக் கேளு தாயி."

அந்த ஆள் கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தான். முன்பே விற்றுப்போன இரண்டு பார்சல்களை எடுத்துப்போகக் கூரியர்காரன் வண்டியை நிறுத்தினான். நல்ல பையன். மழை நாளில் பார்சலைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போகிறவன்.

"தம்பி, மறைக்காமச் சொல்லணும். எங்க வீட்டுப் பார்சல்ல ஏதாச்சும் வாசனை வருதா?"

அவன் பார்சலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான்.

"சொல்லுப்பா."

"கோவிச்சுக்காதீங்கக்கா. கோடவுன்ல லைட் இல்லாட்டியும் உங்க வீட்டுப் பார்சலை நான் கண்டுபிடிச்சிருவேன்."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. "இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"எப்படிக்கா சொல்றது? அண்ணன் காலு அப்படி இருக்கு."

மேலே ஏறி வந்து அறை நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. தன் வீட்டு நாற்றம் ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். அவர் மேல் ஒரு நொடி கோபம் வந்தது. வந்த வேகத்தில் அந்தக் கோபமே அவளைச் சுட்டது.

புகார் எழுதிய பெண்ணுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். 'மன்னிச்சுக்கங்க மேடம். போர்வையைத் திருப்பி அனுப்பிடுங்க, பணம் முழுசாத் தந்துடறேன்.'

'பணம் யார் கேட்டா?'

'அப்போ புதுசு ஒண்ணு அனுப்பறேன் மேடம்.'

'புதுசும் அதே வீட்டுலேருந்துதானே வரும்?'

விரல் போன் மேலேயே நின்றது. அடுத்த செய்தி தானாக வந்தது. 'எங்க வச்சுத் தைக்கறீங்கன்னு நான் பார்க்கணும். ஒரு ராத்திரி முழுக்க என் குழந்தை அதுலதான் படுத்திருந்தான். மத்தியானம் வீடியோ கால்ல வர்றேன். வீட்டைச் சுத்திக் காட்டுங்க. எனக்குத் திருப்தின்னா புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்.'

அவள் படித்ததை அவரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நியாயமாத்தான் கேக்கறா. புள்ளைக்காரி."

அவள் அவசர அவசரமாக வேலையில் இறங்கினாள். தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். மருந்துப் புட்டிகளையும் பஞ்சுக் கட்டையும் பாத்திர அலமாரிக்குள் தள்ளினாள். சிறுநீர்க் குவளையைக் கழுவி அடுப்புக்குப் பின்னால் ஒளித்தாள். சுவரில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழியாமல் உரித்து எடுத்தாள். வெல்டர் எல்லாவற்றையும் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஒளிச்சுட்டே. என்னை எந்த அலமாரியில வைக்கப் போறே?"

"நீங்க பாட்டுக்குப் படுத்திருங்க. போனை இந்தப் பக்கம் திருப்பாமப் பாத்துக்கறேன்."

"சுத்திக் காட்டுன்னா என்ன பண்ணுவே?"

அதற்குள் அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பிடி. வெளியே விட்டுட்டு வா."

"வெளியே எங்க? கீழ்வீட்டு அக்கா வீட்டைப் பூட்டிட்டு வியாபாரத்துக்குப் போயிட்டாங்க. கால் ஊனக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

"படிக்கட்டு இருக்கில்ல? பேசி முடிக்கற வரைக்கும்தானே. அதுக்குள்ள நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்."

வெளியே இருந்தது இரும்புப் படிக்கட்டு, குறுகலானது. வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. மேல்படியில் சாக்கை மடித்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். கட்டுப் போட்ட கால் இரண்டு படி தாண்டி நீண்டுகொண்டு நின்றது. பிடித்துக்கொள்ள ஒரு பக்கம்தான் கம்பி. மறுபக்கம் சுவர். அவர் கையைக் கம்பியில் எடுத்து வைத்தாள்.

"கதவைச் சாத்திக்கோ" என்றார். "நாத்தம் போன்ல போகாது. சத்தம் போகும்."

கட்டிலில் இருந்த விரிப்பை உருவிவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த போர்வைகளிலேயே நல்லதாக ஒன்றை விரித்தாள். இன்னும் நான்கை அடுக்கி வைத்தாள். அறை பளிச்சென்று இருந்தது. அங்கே ஆள் வாழ்ந்த தடமே தெரியவில்லை.

போன் அடித்தது. சின்ன வயதுப் பெண். தூங்காத கண்கள். தோளில் குழந்தை.

"தரையைக் காட்டுங்க" என்றாள் அந்தப் பெண். இவள் காட்டினாள். "ஜன்னல்." காட்டினாள். "அந்த மூட்டை என்ன?" "வெட்டுத்துணி மேடம். துவைச்சுக் காய வச்சதுதான்." "கட்டிலுக்கு அடியில?" குனிந்து காட்டினாள். "தைக்கற ரூம்ல எதுக்குக் கட்டில்?"

"போர்வையை விரிச்சுப் பார்க்கறதுக்கு மேடம்."

அந்தப் பெண் திரைக்கு அருகில் வந்தாள். "நேரா கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. வீட்டுல யாராவது நோயாளி இருக்காங்களா?"

"இல்லை மேடம்."

"வீட்டுக்காரர்?"

"வேலைக்குப் போயிருக்காரு."

"என்ன வேலை?"

"வெல்டர்."

மெல்லிய தகரக் கதவு அது. உள்ளே பேசுவதெல்லாம் படிக்கட்டில் கேட்கும். அவள் கதவைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது வெளியே இரும்பு அதிர்ந்தது. கனமான ஏதோ ஒன்று படி படியாக இடித்துக்கொண்டு இறங்கியது. பிறகு நின்றது.

"என்ன சத்தம்?"

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு முனகல், ஒரு 'அம்மா', ஏதாவது வரும் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"கீழ்வீட்டுல மேடம். மீன் வியாபாரம். பெட்டி இறக்கறாங்க."

"ஓ." குழந்தை சிணுங்கியது, அந்தப் பெண் தோளை மாற்றிக்கொண்டாள். "இதெல்லாம் நிஜமாவே நீங்கதான் கையால போடறீங்களா? நிறையப் பேர் மெஷின்ல போட்டுட்டுக் கைன்னு சொல்றாங்க. ஒரு வரிசை போட்டுக் காட்டுங்களேன்."

"இப்பவா மேடம்?"

"ஏன், வேலை இருக்கா?"

"இல்லை மேடம்."

போனை மெஷின் மேல் சாய்த்து வைத்தாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. நூல் நுனியை வாயில் வைத்து நனைத்து மறுபடியும் கோத்தாள். பாதி முடிந்திருந்த ஒரு போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, பஞ்சு நகராமல் கட்டைவிரலால் அழுத்தி, ஊசியை விட்டு எடுத்தாள். விட்டு எடுத்தாள். கதவுக்கு வெளியே ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. எழுந்து ஓடினால் தெரிந்துவிடும். வேகமாகப் போட்டால் தையல் கோணும். வெளியே கிடப்பவரின் கால் மருந்துக்காகத்தான் இந்தத் தையல், அது கோணலாகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே அளவாகப் போட்டாள். விரலில் ஊசி ஏறியது. ரத்தம் துணியில் படாமல் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நல்லவேளை, அது போனில் தெரியவில்லை.

"அழகா இருக்குங்க" என்றாள் அந்தப் பெண். குரல் இப்போது இளகியிருந்தது. "சுத்தமாவும் இருக்கு. அப்போ அந்த நாத்தம் வண்டியில வர்றப்போ ஒட்டியிருக்கும் போல. உங்க மேல தப்பு இல்லை. புகாரை எடுத்துடறேன். எங்க அக்காவுக்கும் குழந்தை பிறக்கப் போகுது, அவளுக்கும் உங்ககிட்டயே சொல்றேன்."

"சரிங்க மேடம். ரொம்ப நன்றி மேடம்."

"நீல நிறத்துல கிடைக்குமா?"

"கிடைக்கும் மேடம்."

"பூ பெருசா இருக்கணும். சின்னப் பூ வேண்டாம்."

"பெருசாவே போட்டுடறேன் மேடம்."

திரை அணைந்தது. அவள் மடியிலிருந்த போர்வையைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

சாக்கு மட்டும் மேல்படியில் இருந்தது. அவர் படிக்கட்டின் நடுவில் தலைகீழாகக் கிடந்தார். கட்டுப் போட்ட கால் கம்பிக்கும் படிக்கும் இடையில் மாட்டி முறுக்கியிருந்தது. கட்டு முழுவதும் சிவந்து, அடுத்த படியில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் தன் வாயைத் தானே அழுத்திப் பொத்தியிருந்தார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன, கண்களிலிருந்து தண்ணீர் நெற்றிப் பக்கமாக வழிந்துகொண்டிருந்தது.

அவள் கையிலிருந்த போனை அவர் பார்த்தார். வாயிலிருந்து கையை எடுக்காமல், புருவத்தை மட்டும் உயர்த்திக் கேட்டார்.

"வச்சுட்டாங்க" என்றாள்.

அதன் பிறகுதான் அவர் கையை எடுத்துவிட்டு அலறினார்.