பின்பக்கமாக நடக்கிறவன்

"உனக்கு என்ன தெரியும்? யோசிச்சு வை மாப்ளே. சாயங்காலம் கேப்பேன்," என்றார் மாமா.

மாமா அக்கா புருஷன்; இவன் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு முதலாளி. தன் அண்ணன் மகனைக் கடையில் சேர்க்கப்போகிறார். மூன்று பேருக்கு அங்கே வேலை கிடையாது. பதில் சரியில்லை என்றால் இவன் வெளியே.

யோசித்தான். அளவெடுப்பது மாமா. அறுப்பது மாமா. ஒரு தடவை இவனும் அறுத்துப் பார்த்தான். கோடு குடிகாரன் மாதிரிப் போனது. அத்தோடு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். வருகிறவர்களிடம் பேசுவதும் மாமா. இவன் பேசிய ஒரு நாள், வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். கடையில் இவன் பெயர் வால். "தலை இருக்கிற வரைக்கும் வாலுக்கு என்ன கவலை?" என்பார் மாமா. வந்தவர்கள் சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான்.

அக்காவிடம் கேட்டான்.

"எனக்குன்னு என்னக்கா இருக்கு?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "கோபம் வந்தா மூக்கைச் சொறியறே. அதுகூட அவர்கிட்ட இருந்து தொத்திக்கிட்டது. பேசாம அவர் காலைப் பிடி. என்னை நடுவுல இழுக்காதே."

தன்னைச் சுரண்டிப் பார்த்தான். சுரண்டச் சுரண்ட மாமாதான் வந்தார்.

மதியம் ஒரு வேலை. மாடியில் இருந்த அலுவலகம் கீழே மாறுகிறது. தடுப்புக் கண்ணாடியைக் கழற்றி இறக்க வேண்டும். ஆள் உயரம், இரண்டு பேர் கனம். இரண்டு பேரில் ஒருவன் பின்பக்கமாக நடந்தாக வேண்டும். அது எப்போதும் இவன்தான்.

"வால் முன்னால போகட்டும்," என்றார் மாமா. பழைய நகைச்சுவை.

இறங்கினார்கள். பாதி வழியில்தான் கவனித்தான்: அவன் கீழே பார்க்கவே இல்லை. குதிகால் தானாகப் படி விளிம்பைத் தேடிக்கொண்டது. கண்ணாடி வழியாக மாமா உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்குக் கோபம் என்றால் கண்ணாடி வெடவெடக்கும். பசி என்றால் தள்ளும். அவர் வாய் திறக்குமுன் இவனுக்குத் தெரிந்துவிடும். இதை யாரும் சொல்லித்தரவில்லை. மாமாவுக்கு இது வராது. அவர் ஒருநாளும் இந்தப் பக்கம் நின்றதில்லை.

அப்படியானால் ஒன்று இருக்கிறது.

இன்று கைக்கு வந்தது கோபமும் இல்லை, பசியும் இல்லை. மாமாவின் இடது கைப் பிடி விட்டு விட்டு வந்தது. இன்று மட்டுமல்ல, கொஞ்ச காலமாகவே. அந்தக் கனத்தையும் தானே தாங்கிப் பழகியிருப்பது இப்போதுதான் உறைத்தது.

படி திரும்பும் இடத்தில் நின்றான்.

"இறக்குங்க மாமா."

"நடடா."

"உங்க இடது கையில பிடி இல்லை. ரொம்ப நாளா இல்லை. இன்னும் இறங்கினா இது என் மேலதான் விழும்."

மாமாவுக்கு மூக்கைச் சொறிய வேண்டியிருந்தது. கை காலியில்லை.

கண்ணாடியை இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள்.

"யார் சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லலை. எனக்கு என்ன தெரியும்னு கேட்டீங்களே. இதான் தெரியும்."

"அக்காகிட்ட சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே. நாளையிலிருந்து கடைக்கும் வராதே."

"பதில் சரியாத்தானே சொன்னேன்?"

"ஒண்ணும் தெரியாதவன்னுதான்டா உன்னைப் பக்கத்துல வச்சிருந்தேன்."

அவன் கையுறைகளைக் கழற்றிப் படியில் வைத்தான். அவன் பிடி விட்டதும் கண்ணாடி மெல்ல நழுவியது. மாமா தோளைக் கொடுத்து நிறுத்தினார்.

"டேய். இதை யாரு தூக்குறது?"

"உங்க அண்ணன் மகனை வரச் சொல்லுங்க. குதிகால்ல கண் இருக்கான்னு மட்டும் கேட்டுக்குங்க."

திரும்பினான். கையில் கண்ணாடி இல்லாமல், முன்னால் பார்த்து மாடிப்படி இறங்குவது என்னவோ போல் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.