உச்சிக் கிளையில் கேமரா

அண்ணனும் தங்கையும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்த அறைகளில் வேலை பார்த்தார்கள். மூன்று வருஷமாக மரநாய்ச் சண்டைதான். காட்டுக்குள் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்களில் மரநாய் பதிவாவது வரவரக் குறைந்துகொண்டே வந்தது. இனமே அழிகிறது, காட்டுக்குள் போகும் லாரிப் பாதையை மூடவேண்டும் என்றார் அண்ணன். அழியவில்லை, லாரிக்குப் பயந்து மேலே ஏறிவிட்டது என்றாள் தங்கை. மரநாய்க்கு மரமேறச் சொல்லியா கொடுக்க வேண்டும், முழங்கால் உயரத்தில் கேமராவைக் கட்டிவிட்டுக் காணோம் காணோம் என்றால் எப்படி? சாப்பாட்டு மேசைக்கு மரநாய் வரக்கூடாது என்று அண்ணி சட்டமே போட்டிருந்தாள்.

தங்கைக்கு வாய் சாமர்த்தியம். பாதையை மூடலாமா என்று முடிவெடுக்க அமைத்த வல்லுநர் குழுவின் முன்னால் அண்ணனின் கணக்கைப் பிரித்து மேய்ந்துவிட்டாள். எப்போதோ ஒரு தடவை உச்சிக் கிளையில் ஒரு மரநாயைக் கண்ணால் பார்த்திருந்தாள். அதை வைத்துத்தான் அத்தனை பேச்சும். வேறு ஆதாரம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்துப்போகாதபோது பாதையை மூடுவதற்கில்லை என்று குழு கையை விரித்துவிட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே லாரிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

தங்கை மரமேறும் ஆட்களைத் தேடிப் பிடித்து உச்சிக் கிளைகளில் கேமரா கட்ட மேலும் ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. படங்கள் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். குரங்கு வந்தது, அணில் வந்தது, ஆந்தை ஒன்று கேமராவையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மரநாய் மட்டும் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

எழுந்து அண்ணன் அறைக்குப் போனாள். அப்போதே சொன்னேனே என்று திட்டுவார், வாங்கிக் கட்டிக்கொள்வோம், பாரமாவது கொஞ்சம் குறையும் என்று நினைத்துத்தான் போனாள். அவரோ அவள் முகத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மேலயும் இல்லையா?"

"இல்லண்ணா."

"எல்லாக் கேமராவும் பாத்துட்டியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."



"நான்தான் தப்பு, நீ சொன்னதுதான் சரின்னு ஆகணும்னு இந்த ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேம்மா" என்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.