துணி பிடிக்கும் கை

1934ஆம் ஆண்டு வைகாசி மாதம் சங்ககிரி துர்க்கம் ரயில் நிலையத்தில், கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியின் மேல் கந்தப்பன் என்று எழுதியிருந்தது.

கந்தப்பனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் கடலையும் சோளமும் விளையும் தோட்டம். மாட்டுவண்டி வாசலில் நின்றதும் வீட்டுப் பெண்கள் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆணி பிடுங்க ஆள் வரும்வரை பொறுக்கவில்லை; அரிவாள்மணையின் முனையாலேயே பலகையைப் பெயர்த்தார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து கறுப்பு மெஷின் வெளியே வந்தது. அதன் உடம்பில் பொன் நிறக் கொடி ஓடியது. கந்தப்பனின் தங்கை ராமாயி சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஊசி ஏறி இறங்கியதும் கையை உதறிக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்காகத்தான் மெஷின் வந்தது. கடைசித் தம்பி சின்னுசாமிக்கு அந்த வாரம் கல்யாணம். முதலில் நடக்கும் இணைச்சீரில் மாப்பிள்ளையோடு சபை நடுவே நிற்பவள் உடன்பிறந்தவள். மோகனூரில் வாழ்க்கைப்பட்டிருந்த ராமாயி, அன்றைக்கு ரவிக்கை போட்டுக்கொண்டுதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் ரவிக்கை போட்டதில்லை. சேலத்திலிருந்து ரோஜா நிறப் பட்டுத்துணி வந்திருந்தது. ஒரே ரவிக்கைக்குத்தான் காணும். பட்டில் கைத்தையல் பிரிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருவர். கந்தப்பனின் மனைவி சென்னியம்மாளுக்குக் காலை வெயில் வேண்டும். பாய் விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்த பிறகுதான் ஊசியை எடுப்பாள். நூல் முனையில் பெரிய முடிச்சாகப் போடுவாள். அடுத்த தம்பியின் மனைவி காளியாத்தாள் கோடும் கிழிக்கமாட்டாள், முடிச்சும் போடமாட்டாள். முதல் இரண்டு தையலைத் திரும்பப் போட்டு இறுக்கிவிடுவாள். நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டு, தானியக் குதிரில் முதுகைச் சாய்த்து, மதியம் முழுவதும் அசையாமல் தைப்பாள். கத்தரிக்கோல் மட்டும் அவளுக்கு வசப்படாது. துணியை மென்று துப்பும். அவள் இடதுகைக்காரி.

அந்தக் கைதான் மாமியார் செல்லாயிக்கு ஆகாது. காளியாத்தாள் தைத்த சுருக்குப்பைகளில் தோட்டத்து ஆட்கள் வெற்றிலை வைத்திருந்தார்கள். வீட்டார் இடுப்பில் ஒன்றுகூட ஏறவில்லை.

“அக்கா, எனக்கும் ஒருக்கா சுத்தத் தாங்கக்கா” என்றாள் காளியாத்தாள்.

“மொதல்ல நான் பழகிக்கறேன் புள்ள.”

“சீருக்குப் போடற துணி தைக்கப் போறது இந்த மெஷினு” என்றாள் செல்லாயி. “பீச்சாங்கை பட்டா ஊடு வெளங்காது. தள்ளி உக்காரு.”

காளியாத்தாள் குதிரோரம் தள்ளி உட்கார்ந்தாள். கண் மட்டும் ஊசியை விட்டு நகரவில்லை.

சென்னியம்மாள் பட்டுத்துணியைப் பிசகாமல் வெட்டி வைத்தாள். பிறகு கிழிந்த வேட்டித் துண்டில் மெஷினை ஓட்டிப் பார்த்தாள். கடகடவென்று சத்தம் வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“ஏனுங்க நங்கை” என்று அண்ணியைக் கூப்பிட்டாள் ராமாயி, “இது தையலா, மாடு நடந்துக்கிட்டே ஒண்ணுக்குப் போன தடமா?”

சென்னியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சக்கரம் சோத்தாங்கைய வாங்கிக்குதே! மிச்சமிருக்கற கைக்கு என்ன தெரியும்? சோறு அள்ளக்கூடத் தெரியாது.”

மறுபடி ஓட்டினாள். கோடு கிழித்தும் ஓட்டினாள். சுண்ணாம்புக் கோடு ஒரு பக்கம் போக, தையல் இன்னொரு பக்கம் போனது. நான் சுற்றுகிறேன், நீங்கள் வலது கையால் துணியைப் பிடியுங்கள் என்று ராமாயி சக்கரத்தை வாங்கிக்கொண்டாள். ஆத்திரத்தில் வேகமாகச் சுற்றினாள். டக்கென்று ஊசி முறிந்தது.

பெட்டியில் மிச்சம் ஒரே ஊசி.

வாசலில் நின்ற கந்தப்பன், “தையக்காரனைக் கூட்டியாரட்டுமா?” என்றார்.

“ஆம்பளைகிட்ட அளவு குடுக்கறதுக்கா அண்ணா, இத்தனை பாடு? வேண்டாம். நான் மாராப்பையே போத்திக்கிட்டு நிக்கறேன்.” ராமாயி பட்டுத்துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

சென்னியம்மாள் கடைசி ஊசியைப் பொருத்தி முடித்தாள். காளியாத்தாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. வேட்டித் துண்டை ஊசிக்கு அடியில் வைத்தாள். வலது கை சக்கரத்துக்குப் போனது; இடது கை துணியின் மேல் தட்டையாகப் படிந்தது. மெதுவாகச் சுற்றினாள். பிறகு வேகமாக. துண்டின் விளிம்பு வந்ததும் நிறுத்தித் திருப்பி, முதல் தையலுக்கு அருகிலேயே இன்னொன்று ஓட்டினாள்.

“அடியே!” சென்னியம்மாள் துண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “ஏர்ச்சால் புடிச்ச மாதிரியில்ல இருக்குது! எங்க பழகினே?”

“இன்னிக்குத்தானுங்கக்கா தொட்டேன்” என்றாள் காளியாத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. “எனக்குப் பழகின கையத்தான் அது துணி புடிக்கச் சொல்லுது.”

ராமாயி பட்டுத்துணியை அள்ளிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டாள்.

“வையி அத” என்றாள் செல்லாயி.

“அத்தை, சுத்தறது சோத்தாங்கைதானுங்க” என்றாள் காளியாத்தாள்.

“துணியப் புடிக்கறது?”

காளியாத்தாள் வாசல் பக்கம் திரும்பினாள். “மாமா, ஏரோட்டறப்ப மேழியை எந்தக் கையிலீங்க புடிப்பீங்க?”

கந்தப்பன் அதை யோசித்ததே இல்லை. வாசலில் இறங்கி, முன்னால் காளைகள் நிற்பதுபோல் குனிந்தார். “ஹை! ஹை!” என்று அதட்டினார். கட்டுத்தறியிலிருந்த நிஜக் காளைகள் தலையைத் தூக்கின. அவருடைய வலது கை சாட்டையோடு மேலே போனது. கீழே மேழியை இறுக்கிப் பிடித்திருந்தது இடது கை.

ராமாயி கைகொட்டிக் கத்தினாள். “பாருங்கம்மா! அண்ணனும் பீச்சாங்கைதான்!”

“அந்தச் சால்ல வெதைச்சதைத்தானுங்க அத்தை, சாமிக்குப் பொங்கி வெக்கறோம்” என்றாள் காளியாத்தாள்.

செல்லாயி மகனுடைய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் குனிந்தபடியே நின்றார்.

“உன்ற அப்பனும் அப்படித்தான் புடிச்சாரா?”

“அவரு புடிச்சுக் காட்டினதுதானேம்மா.”

“நிமுந்து நில்லு. இடுப்புப் புடிச்சுக்கப் போகுது” என்றாள் செல்லாயி. பிறகு காளியாத்தாளிடம் சொன்னாள்: “பொழுது எறங்கறதுக்குள்ள முடி. ஊசிய ஒடச்சீன்னா அப்பறம் தெரியும்.”

மெஷின் ஓடத் தொடங்கியது. சென்னியம்மாள் ரவிக்கைக் கையின் கொசுவத்தை ஊசிநூலால் சுருக்கிக் கொடுக்க, காளியாத்தாள் அதை உடல் துணியோடு இணைத்தாள். முனையில் முடிச்சுப் போடு என்று ஒருத்தி. திரும்ப ஓட்டினால் போதும் என்று இன்னொருத்தி. இருவரும் கத்திக்கொண்டே தைத்தார்கள். சோளம் வறுபட்டுத் தீய்கிற வாசனை வந்தும் யாரும் அடுப்படிக்குப் போகவில்லை. கடைசித் தையல் முடியுமுன்பே ராமாயி ரவிக்கைக்குள் ஒரு கையை நுழைத்துவிட்டாள்.

இணைச்சீர் குறித்த நேரத்தில் நடந்தது. ராமாயி ரோஜா நிற ரவிக்கை அணிந்திருந்தாள். அதன் வலது கையில் கொசுவம் சற்று அதிகம். கல்யாணம் முடிந்த பிறகு மெஷின், காளியாத்தாள் முதுகு சாய்க்கும் குதிருக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது.