செண்பகவல்லி கட்டிய டெபாசிட்

எங்கள் தீவில் தேர்தலுக்கு நிற்பவர்கள் டெபாசிட்டாகப் பணம் கட்டுவதில்லை. இல்லாமல் போனால் தாங்கள் தடுமாறும்படியான ஏதாவது ஒன்றைத் தங்களிடமிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். தேர்தல் அலுவலகத்தில் அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, பேர் எழுதி ஒட்டி, ஜன்னலோர அலமாரியில் வைப்பார்கள். பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால் ஜாடி திரும்பக் கிடைக்கும். வாங்காவிட்டால் அரசாங்கத்துக்குப் போய்விடும். என் மனைவி செண்பகவல்லி, என்னைக் கூப்பிடும் 'ஏங்க'வைக் கட்டினாள்.

தீவின் பெயர் செயின்ட் கோர்மன். கரீபியன் கடலில் இருக்கிறது. வரைபடத்தில் பேர் போடும் அளவுக்கு நிலம் இல்லாததால் பேரைக் கடலில்தான் எழுதியிருப்பார்கள். தூரதேசத்து அரசரின் சார்பில் ஒரு கவர்னர் கப்பலேறி வருவார். அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டசபைக்கு மட்டும் ஒன்பது பேரை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் கெமிஸ்ட். வல்லி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோவில்பட்டியிலிருந்து நாங்கள் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. பதினேழாவது வருஷத்தில்தான் 'இவர்கள் இந்த ஊர்க்காரர்கள்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அது கையில் இருந்தால் ஓட்டுப் போடலாம், நிற்கவும் நிற்கலாம். வல்லி சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டிய அன்றே நிற்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடம் விடும் மூன்று மணிக்கு வடக்கு முனைக்கு ஒரு பஸ் வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெயிலில் மேடேறி நடந்து போவதைப் பத்தொன்பது வருஷமாக வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தொகுதியில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஆளும் கட்சியின் மிஸஸ் ஹென்ரியெட்டா, பார்வைக்கு நெருக்கடியாக இருக்கும் தொடுவானத்தை அரை மைல் பின்னால் தள்ளி வைப்பதாகச் சொன்னார். டெபாசிட்டாக மழை வாசனையைக் கட்டியிருந்தார். பக்கத்து வீட்டு பார்த்தலோமியு, போன புயலில் காணாமல் போன செவ்வாய்க்கிழமையைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொன்னார். அவர் கட்டியது திசை. ஜாடி மூடப்பட்ட பிறகு வடக்கு எது, தெற்கு எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரே வீட்டுக்கு மூன்று தடவை, நான்கு தடவை ஓட்டுக் கேட்டுப் போனார். இவ்வளவு அக்கறையாக வந்து கேட்ட ஆள் யாருமில்லை என்று ஜனங்கள் நெகிழ்ந்துபோனார்கள். எங்கள் வீட்டுக்கே நான்கு முறை வந்தார்.

வல்லி டெபாசிட் கட்டிய நாளில் நானும் கூடப் போயிருந்தேன். வாசலருகே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தேர்தல் அதிகாரி ஆட்லி லேசில் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் தன் கையெழுத்தைத் தருவதாகச் சொன்னாள். டீச்சர் கையெழுத்து எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வேண்டாம் என்றார். பாகற்காய் மேல் உள்ள பிரியத்தைத் தருவதாகச் சொன்னாள். அது போனால் உங்களுக்கு லாபம்தானே என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, எதையோ எழுதிப் பார்ப்பதற்காக என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, பேனா இருக்கா?"

ஆட்லி தலையை நிமிர்த்தினார். "அதுதான்," என்றார். "இப்போது கூப்பிட்டீர்களே, அதைக் கொடுங்கள்."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவர் ஜாடியை மூடினார். நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சட்டைப்பையில் பேனாவைத் தடவிக்கொண்டிருந்தேன். பேனா இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ரோஷமாக இருந்தது. அந்தச் சொல் அவள் வாயில் இருந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் போய்ச் சேரும் இடம் நான்தானே?

"கட்டுறதுக்கு முன்னால என்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"மூணு வாரந்தான. ஆறுல ஒண்ணு கூட வராமப் போயிராது," என்றாள் வல்லி. "எங்கிட்டப் படிச்ச பிள்ளைகளே எரநூறு பேரு இருக்கு."

மூன்று வாரமும் அவள் என்னைக் கூப்பிடவில்லை. சாப்பாடு ஆனால் எதிரே வந்து நிற்பாள். நான் தோட்டத்தில் இருந்தால் ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டுவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், பேரைச் சொல்லித்தான் கூப்பிடேன் என்றேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரமார்த்தலிங்கம்," என்றாள். வருகைப் பதிவேட்டை வாசிக்கிற மாதிரி இருந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வழியை முயற்சி செய்யவில்லை.

நான் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பார்த்தலோமியு நான்காவது முறை வந்தபோது, புயலுக்குப் பிறகு எங்கள் ஃபிரிட்ஜைத் தன் முதுகில் வைத்து மேடேற்றிக் கொடுத்ததை ஞாபகப்படுத்தினார். இது தன் வீடு என்று நினைத்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். பாவமாக இருந்தது. வல்லிக்கு இருநூறு ஓட்டாவது விழும் என்று ஊரே சொன்னது. என் ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். இதெல்லாம் நான் பிற்பாடு தேடிப் பிடித்த சமாதானங்கள். ஓட்டுச்சீட்டைக் கையில் வாங்கிய நேரத்தில், என்னைக் கேட்காமல் கட்டினாயே என்ற ஒரு நினைப்புத்தான் மனசில் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட ஹாலில் பகல் இரண்டு மணிக்கு எண்ணி முடித்தார்கள். பதிவானது அறுநூற்று ஆறு. பார்த்தலோமியுவுக்கு இருநூற்றுத் தொண்ணூறு. ஹென்ரியெட்டாவுக்கு இருநூற்றுப் பதினாறு. வல்லிக்கு நூறு.

"நூற்றொன்று வேண்டும்," என்றார் ஆட்லி. "ஒன்று குறைகிறது, டீச்சர்." அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் நூறுதான் வந்தது.

வல்லி மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள். நான் என் ஷூவைப் பார்த்தேன். அவளிடம் படித்தவர்கள் பாதிப்பேர் ஓட்டுப் பதிவன்று வடக்கு முனையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வந்து சேர்வதற்குள் வாக்குச்சாவடியை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை.

பார்த்தலோமியு சொன்னபடியே செய்தார். பதவியேற்ற பதினைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். ஈரமாக இருந்ததால் அதை ஒரு வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் காயவைத்து அனுபவித்தோம். அன்று எனக்கு விடுமுறை. வல்லியும் நானும் நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் "மழை வருது" என்றாள். "அரிசி தீரப்போகுது" என்றாள். சொந்தமாக நிற்கக்கூடிய வாக்கியங்கள் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வரவேண்டியவைதான் வரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றையும் அவள் அதில்தான் ஆரம்பிப்பாள். ஆகவே நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அவள் கேட்கவே இல்லை. முதல் மாதம் அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் இல்லை.

பறிபோன டெபாசிட்டுகளைத் தேவைப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். பட்டியலைத் தபாலாபீஸ் சுவரில் ஒட்டினார்கள். தெற்குத் தொகுதியில் தோற்றவரின் பகல் தூக்கம், கலங்கரை விளக்கக் காவலாளிக்கு. கிழக்கில் தோற்றவரின் சீட்டியடிக்கும் திறமை, துறைமுகத்துக்கு. செண்பகவல்லியின் 'ஏங்க', கவர்னர் மாளிகைக்கு. கவர்னரின் மனைவி இருபத்தாறு வருஷமாக அவரை ரூபர்ட் என்றே கூப்பிட்டு வந்திருக்கிறார். அது அவர் காதில் விழுவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. புதிதாக ஒன்று வேண்டும் என்று அந்த அம்மாள் முறைப்படி விண்ணப்பித்திருந்தார்.

மாளிகையின் தண்ணீர்த் தொட்டியைப் பரிசோதிக்க வாரத்துக்கு ஒருமுறை நான்தான் போகவேண்டும். தொட்டியில் குனிந்து சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

வல்லியின் அதே இழுப்பு. கவர்னர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் அசையவில்லை. அந்த அம்மாள் திரும்பவும் கூப்பிட்டார். அட, திரும்பிப் பாரய்யா என்று எனக்குள் ஒரு ஆத்திரம் வந்தது. அவர் பக்கத்தைத்தான் திருப்பினார். நான் சீசாவைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். மேல் பரணிலிருந்து பெரிய பீங்கான் தட்டை எடுத்துத் தரவேண்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை பரிசோதித்தால் போதாது, மூன்று முறை வேண்டும் என்று நானே அறிக்கை எழுதினேன்.

சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தவை எல்லாம் அந்த அம்மாளிடம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. "ஏங்க, குடைய எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்ல." "ஏங்க, அந்த மாத்திரையப் போட்டீங்களா?" அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. சொல்லி முடித்ததும் தானே கொஞ்ச நேரம் அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். மாத்திரை போட்டுவிட்டேன் என்று நான் தொட்டியடியிலிருந்து சொல்வேன். வீட்டில் இதையெல்லாம் கேட்டிருந்த காலத்தில் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அந்த அம்மாள் எனக்கு டீ கொண்டுவந்தார். கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, நீங்க யாருக்குப் போட்டீங்க?"

நான் கோப்பையை வாங்கவில்லை.

"பார்த்தலோமியுவுக்கு," என்றேன்.

"ஏங்க, ஒரே ஒரு ஓட்டுத்தான குறஞ்சது?"

"ஆமா, வல்லி. என்னக் கேக்காமக் கட்டிட்டியேன்னு கோவத்துல போட்டுட்டேன். அந்தப் பெட்டிக்குள்ள கைய விட்டுத் திரும்ப எடுக்க முடிஞ்சா அப்பவே எடுத்திருப்பேன். சீட்டு உள்ள விழுந்த சத்தம் கேட்டப்பவே மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு."

அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். டீயைச் செடிக்கு ஊற்றினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கவர்னர் பேப்பரை இறக்கி, கதவையும் என்னையும் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

அன்றிலிருந்து கவர்னரின் மனைவி என்னோடு பேசுவதில்லை. வீட்டிலோ வல்லி கலகலப்பாகிவிட்டாள். நோட்டுத் திருத்தும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து, எதிரே வந்து நின்று, முகம் மலரப் பரிமாறுகிறாள். என்மேல் கோபப்பட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை; கோபமும் அந்தச் சொல்லோடு மாளிகைக்குப் போய்விட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னோடு போட்ட சண்டைகளை எல்லாம் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லாத அந்த நல்ல முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது எனக்குத் தாங்கவில்லை.

எனவே வேலை முடிந்ததும் தினமும் மாளிகைக்குப் போகிறேன். வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பாத்திரங்கள் டங்கென்று வைக்கப்படும் சத்தம் கேட்கும். மன்னித்துவிடு என்று கதவைப் பார்த்துச் சொல்வேன். ஒருநாள் கவர்னர் எனக்கு ஆறுதலாகப் பேசினார்.

"கொஞ்ச நாள் விடுங்கள்," என்றார். "என் மனைவி யாரிடமும் ஒரு மாதத்துக்கு மேல் கோபமாக இருந்ததில்லை."

"என் மனைவி இருப்பாள்," என்றேன்.

அவர் தலையாட்டினார். தன்னையும் இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை என்றார்.

நேற்று நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது வல்லி சமையலறையிலிருந்து ஒரு டப்பாவோடு வந்து எதிரே நின்றாள். தேங்காய் பர்பி செய்திருந்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"வெறுங்கையோட போகக்கூடாது," என்றாள். "கட்டுனவரே கைவிட்டுட்டாருன்னா அந்தம்மா மனசு என்ன பாடு படும். பக்கத்துல ஒக்காந்து நல்லபடியாப் பேசிட்டு வாங்க."

டப்பாவை வாங்கிக்கொண்டேன். கைப்பிடியில் அவள் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள், எனக்குச் சுடாமல் இருக்க.

மாளிகை வாசலில் காவலர் வருகைப் புத்தகத்தைப் பிரித்து, என் பெயருக்கு நேரே, வந்த காரணம் என்ற கட்டத்தில் 'கணவர்' என்று எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார். எனக்குப் பின்னால் கவர்னர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார். அவருக்கு 'விருந்தாளி' என்று எழுதினார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பின்னால் வந்தார்.