புகை இல்லாத கட்டிடம்

மூன்றாவது மாடியில் ஒரேயொரு குழாயிலிருந்து மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காமிராவோடு நின்றிருந்த ஹைஜிமா வாக்கி டாக்கியில் கத்தினார்.

"கிரிகோ, அந்தப் புகைய நிறுத்து. பொணம் மூச்சு விடற மாதிரி இருக்கு."

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ மலைக்குள் நிலக்கரிச் சுரங்கம் மூடி ஒன்பது வருடமான ஊர். தொழிலாளிகளுக்காகக் கம்பெனி கட்டிய ஐந்து மாடிக் குடியிருப்பில் யாரும் வசிக்கவில்லை என்று ஊராட்சி அலுவலகம் முத்திரை குத்தி அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தது. ஹைஜிமாவின் படங்களில் கதை கிடையாது, மனிதர் கிடையாது. கைவிடப்பட்ட கட்டிடங்கள்தான். பன்னிரண்டு நொடிக்கு ஒரு பிரேம் என்று விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எடுப்பார். திரையில் ஒரு முழுப் பகலும் நூறு நொடியில் சுவர்மேல் ஓடி முடிந்துவிடும். அதற்கு ஐரோப்பாவில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். டோக்கியோவில் மூன்று தலைமுறையாக டாக்டர் குடும்பம் அவருடையது. இடிந்த வீட்டை ரசிக்க இடியாத வீட்டில் பிறந்திருக்க வேண்டும் என்று அவருடைய உதவியாளர் கிரிகோவுக்குத் தோன்றும். அவள் பிறந்தது மீன் ஆலைக்காரன் கட்டிவிட்ட தகர வரிசை வீட்டில். மழைக்காலத்தில் சுவரில் பூசணம் ஏறும். அதை யாரும் படம் பிடிக்க வந்ததில்லை. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். படித்த சினிமாவுக்கு வேலை கொடுத்தவர் இவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டு படியேறினாள்.

கதவைத் திறந்த குவாபரா என்ற கிழவருக்கு எழுபது நெருங்கியிருக்கும். அவள் பேசுவதற்கு முன்பே இடுப்பு வளையக் குனிந்தார்.

"புகைதானே? எதிர்ல ஏதோ மிஷினு நிக்குதேன்னு காலையிலயே பாத்தேன். மன்னிச்சிரும்மா, உங்க வேலையக் கெடுத்துட்டேன்."

திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு அந்தக் குனிவு அறை விழுந்ததுபோல இருந்தது. அவர் அதற்குள் அடுப்புக் கதவைத் திறந்து, கனன்றுகொண்டிருந்த கரியைத் தகர டப்பாவில் அள்ளிச் சாம்பலைப் போட்டு மூடத் தொடங்கியிருந்தார். கரித்தூள் தின்ற நுரையீரல். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"சாயங்காலம் வரைக்கும்தான் ஐயா. முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

"வந்து சொல்லு, அப்பறம் பத்த வெச்சிக்கறேன். இருபத்தாறு வருஷம் குழிக்குள்ள வெடி வெச்சவன் நான். முடிஞ்சிடுச்சுன்னு ஆள் நேர்ல வந்து சொல்ற வரைக்கும் சுண்டுவிரலக்கூட அசைக்க மாட்டோம். அவசரப்பட்டவன் எவனும் இப்ப இல்ல."

"சரிங்கய்யா."

"ஆமா, நான் படத்துல வருவேனா?"

"இல்லய்யா. யாருமே இல்லாத மாதிரிதான் எடுக்கறோம்."

"அதுக்கென்ன, ஊராட்சிக்காரன் ஏற்கெனவே எனக்கு அதுல நல்ல பயிற்சி குடுத்துட்டான்." சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரில் அவளுக்குத் தேநீர் ஊற்றினார். தனக்கு ஊற்றிக்கொள்ள நீர் இல்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும் குடித்தாள்.

மூன்று மணிக்கு மேல் பனி கொட்ட ஆரம்பித்தது. ஹைஜிமா காமிராவை மட்டும் கழற்றிக்கொண்டார். ஸ்டாண்டு மயிரிழைகூட நகரக் கூடாது, அடுத்த நாள் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றார். கிரிகோதான் அதன் தலையில் கறுப்புத் துணியைச் சுற்றி, காற்றில் பறக்காமல் கயிறு போட்டு இறுக்கினாள்.

"சார், அந்த ஐயாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். இருபது நிமிஷம்."

"ரோட்ட மூடப்போறான். வண்டியில ஏறு."

"அடுப்ப அணைச்சு வெச்சிருக்கார் சார். நாம சொன்னாதான்..."

"அவர் என்ன கைக்குழந்தையா? குளிர்னா பத்த வெச்சிக்கப் போறார். உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?"

அவள் ஏறினாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தானாகத்தான் ஏறினாள்.

இரண்டு நாள் மலைச்சாலை திறக்கவில்லை. விடுதியில் ஹைஜிமா சூடாக நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டு, பனி எப்படிக் கட்டிடத்தைத் தூய்மையாக்கும் என்று பேசினார். கிரிகோ ஊராட்சி அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்தாள்.

"அங்க யாருமில்லயேம்மா."

"இருக்கார்ங்க. குவாபரான்னு பேரு. நான் பாத்தேன், பேசினேன்."

"பதிவேட்டுல இல்லயே. இல்லாத ஆளப் பாக்க நான் எந்த ஆள அனுப்பறது?"

பைத்தியக்காரன்கூட அடுப்பைப் பற்ற வைத்திருப்பான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லியே இரண்டு நாளையும் கடத்தினாள்.

மூன்றாம் நாள் காலை பனி அள்ளும் வண்டி பாதையைத் திறந்ததும் போனார்கள். ஸ்டாண்டின் துணியை அவிழ்ப்பதற்கு முன்பே ஹைஜிமா விரல்களைச் சட்டமாக்கிப் பார்த்தார்.

"அற்புதம். ஒரு இழை புகை இல்ல. முழுசா செத்துடுச்சு கட்டிடம்."

கிரிகோ ஓடினாள்.

"முன்பக்கமா போகாத! பனியில தடம் விழும்! ஏய், தடம் விழும்!"

அவள் முன்பக்கமாகத்தான் போனாள். இடுப்பளவுப் பனியைக் கையால் தள்ளித் தள்ளி, கட்டிடத்தின் நெஞ்சுக்கு நேரே ஒரு சாக்கடையைப் போலத் தடம் வெட்டிக்கொண்டு போனாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை. ஜன்னலோரமாக, மூன்று மெத்தைப் போர்வைகளைப் போர்த்தி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் குவாபரா. கண் மூடியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உட்புறமாகவே பனிக்கட்டி படர்ந்திருக்க, நகத்தால் சுரண்டிய காசளவு ஓட்டை ஒன்று அவர் முகத்துக்கு நேரே இருந்தது. கிரிகோ அதில் கண்ணை வைத்தாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மூன்று காலில் நின்றபடி, கறுப்புத் துணி போர்த்திய தலை ஒன்று நேராக இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் காமிரா இல்லை என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அடுப்புக்குள் கரி ஒழுங்காக அடுக்கியிருந்தது. அடியில் விறகுச் சிராய். முறுக்கிய செய்தித்தாளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே தீப்பெட்டி. பெட்டியின்மேல் ஒரு குச்சி, தனியாக எடுத்து வைத்தது.

அவர் கையைத் தொட்டாள். அவளுடைய விரலே மரத்துப்போயிருந்தது. எது யாருடைய குளிர் என்று தெரியவில்லை. அந்தக் குச்சி அவள் கையில் ஒடிந்தது. அடுத்தது அணைந்தது. மூன்றாவதில் தாள் பிடித்தது.

"ஐயா, முடிஞ்சிடுச்சு. பத்த வெச்சாச்சு. ஐயா, நான் நேர்ல வந்துட்டேன், முடிஞ்சிடுச்சு."

குனிந்து அவர் மூக்கருகே காதை வைத்தாள். அடுப்பு உறுமத் தொடங்கியிருந்தது. அந்த உறுமலுக்குள் இன்னொரு சத்தம் இருந்ததா, இல்லையா, பிரித்தெடுக்க முடியவில்லை. ஜன்னலில் பனிக்கட்டியின் ஓரம் மெல்லக் கறுத்தது. ஒரு சொட்டு நீர் திரண்டு, கண்ணாடியில் கோணல்மாணலாக இறங்கி, பாதி வழியில் நின்றது.